அடுக்களைச் சுவரில் 5 எழுத்து, 11 வாரம்

சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 45 செ.மீ. உயரத்துக்கு வெறும் சுவர் கிடந்தது. அதில் மொசைக் சில்லுகளால் 'அடுக்களை' என்று எழுதலாம் என்று தோன்றிய அன்றைக்கு நான் மனதுக்குள் போட்ட கணக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனது 11 வாரம். ஒதுக்கி வைத்த பணத்தைப் போல இரண்டரை மடங்கு போயிற்று. நடுவில் ஒரு தடவை மொத்தத்தையும் உளி வைத்துப் பெயர்த்தோம். நான் இரண்டு முறை அழுதேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். என் கணக்கில் ஒன்றுதான். டைல்ஸ் ஒட்டுவது பற்றி எங்கு பார்த்தாலும் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். டைல்ஸால் எழுத்து எழுதுவது பற்றி, அதுவும் சுழி சுழியாக இருக்கும் நம் எழுத்தை எழுதுவது பற்றி, எனக்குச் சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்ட 20 மி.மீ. கண்ணாடி மொசைக்கை எடுத்துக்கொண்டேன். ஒரு ஷீட்டில் 15 வரிசை, வரிசைக்கு 15 சில்லு. எழுத்துக்குத் தேன் நிறம், பின்னணிக்கு வெள்ளை. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு சில்லு என்று வைத்து எழுத்தை நிரப்பினேன். அ-வுக்கு 11 கட்டம், டு, க், க மூன்றுக்கும் எட்டெட்டு, ளை-க்கு 18, நடுவில் விடும் இடத்துக்கு 8. மொத்தம் 61 கட்டம். 61 இருபது 1,220. அதாவது 122 செ.மீ. சுவரின் இடது ஓரத்திலிருந்து சுவிட்ச் பெட்டி வரை எனக்கு இருந்த இடம் 128 செ.மீ. தாராளமாக உட்காரும் என்று 7 ஷீட் வாங்கிவிட்டேன். ஷீட்டிலிருந்து சில்லைப் பிரித்தெடுத்துத் தரையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் ளை-யின் கடைசிக் கால் சுவிட்ச் பெட்டிக்குள் போய் நின்றது.

விட்ட இடம் எது என்று எனக்குப் பிடிபட அரை மணி நேரம் ஆனது. சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே ஜாயின்ட் இருக்கிறது. அந்த ஷீட்டில் அது 2 மி.மீ. 61 சில்லுக்கு 60 ஜாயின்ட், ஆக 120 மி.மீ. நான் 122 செ.மீ. என்று நினைத்த சொல் சுவரில் 134 செ.மீ. பிடிக்கிறது. இவ்வளவு சின்ன விஷயமா என்று இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் தாளில் வரையும்போது கோட்டுக்கு அகலம் இல்லை, சுவரில் கோட்டுக்கு அகலம் உண்டு. அதனால் கட்டத்தின் அளவாகச் சில்லின் அளவை எடுக்காதீர்கள். சில்லையும் ஒரு ஜாயின்ட்டையும் சேர்த்து ஒரு கட்டம் என்று வையுங்கள். 20 மி.மீ. சில்லு என்றால் கட்டம் 22. அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாக் கணக்கும். பிரித்த ஷீட்டைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த 7 ஷீட்டும் இன்னும் பரணில் இருக்கின்றன.

இடம் போதவில்லை என்பதை விடப் பெரிய கோளாறு ஒன்று அந்தத் தரையிலேயே கிடந்தது. எழுத்தை வாசிக்க முடியவில்லை. 11 வரிசை உயரத்தில் அ-வின் தொடக்கச் சுழிக்குள் மிஞ்சிய வெள்ளை ஒரே ஒரு சில்லு. நாலடி தள்ளி நின்றால் அந்த ஒற்றை வெள்ளை, அழுக்குப் பட்ட சில்லு மாதிரித் தெரிகிறதே தவிர ஓட்டையாகத் தெரியவில்லை. க-வின் இடப்பக்கமும் அப்படியே அடைத்துக்கொண்டது. ளை-யின் முன்னால் வரும் சங்கிலிக் கொம்பில் இரண்டு சுழி. இரண்டும் ஒட்டி ஏதோ பூச்சி மாதிரி ஆகிவிட்டது. என் மகளைக் கூப்பிட்டு, "என்ன எழுதியிருக்குன்னு படி" என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது தமிழா?" என்று கேட்டாள்.

அன்றிரவு மொசைக் எழுத்துப் படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் பாம்பெய் என்ற பழைய ரோமானிய நகரத்தில் ஒரு வீட்டு வாசலில், சங்கிலியில் கட்டிய நாய்ப் படத்தோடு 'நாய் ஜாக்கிரதை' என்று லத்தீனில் தரையில் பதித்திருக்கிறார்கள். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் மூடிப்போன ஊர். இன்றைக்கும் பளிச்சென்று வாசிக்க முடிகிறது. 1904-ல் ஓடத் தொடங்கிய நியூயார்க் சுரங்க ரயிலின் பழைய நிலையங்களிலும் சுவரில் மொசைக் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. அவர்களுக்கு வசதி, பாதி எழுத்து நேர்கோடு. நமக்கு ப, ட தவிர நேர்கோட்டில் ஒதுங்கும் எழுத்து எத்தனை இருக்கிறது? ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. எழுத்தை ஒட்டினாற்போல் பின்னணிச் சில்லு ஒரு வரிசை, எழுத்தின் வளைவையே தொடர்ந்து ஓடுகிறது. அந்த வரிசைக்கு அப்புறம்தான் பின்னணி தன் போக்கில் நேர் வரிசையாக ஆகிறது. நான் எழுத்தைத்தான் வரைந்திருந்தேன். அதைச் சுற்றியிருந்த வெள்ளையை மிச்சம் மீதி என்று விட்டுவிட்டேன். அவர்கள் வெள்ளையையும் வரைந்திருந்தார்கள்.

ஆகவே மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை 10 மி.மீ. சில்லு, ஜாயின்ட் 1.5 மி.மீ., கட்டம் 11.5. எழுத்தின் உயரம் 21 வரிசை, ஏறத்தாழ 24 செ.மீ. அகலம் 109 கட்டம், 125 செ.மீ. சொச்சம். சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு சில்லு தடிமன் கொடுத்தேன். எந்தச் சுழிக்குள்ளும் குறைந்தது 3 சில்லு வெள்ளை இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டேன். சுழியை முதலில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி எழுத்தை வளர்த்தால் சரியாக வருகிறது. எழுத்தை வரைந்துவிட்டு அப்புறம் சுழிக்கு இடம் தேடினால் வராது. கணினியில் இருக்கும் எழுத்துருவை அப்படியே பெரிதாக்கி எடுக்கவும் வேண்டாம். தடித்தும் மெலிந்தும் ஓடும் எழுத்துருவில் மெலிந்த இடம் அரைச் சில்லாக வந்து நிற்கும். ஒரே தடிமனில் ஓடுகிற, கடைப் பலகைக்கு எழுதுவது போன்ற எழுத்துதான் இதற்குத் தோது.

ளை-யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லின் அகலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அது ஒன்றே தின்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கையும் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவை எழுத்தோடு ஒட்டி எழுதுவார்கள். பழைய புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வடிவத்தில் எழுதியிருந்தால் எனக்கு ஏழெட்டுக் கட்டம் மிச்சமாகியிருக்கும். வரைந்தும் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் மகள் அந்த எழுத்தையே பார்த்ததில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாத எழுத்தைச் சுவரில் ஒட்டி என்ன பண்ண? விட்டுவிட்டேன், கொஞ்சம் மனத்தாங்கலோடுதான்.

புள்ளிக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது இந்த இரண்டாவது வரைவில்தான் உறைத்தது. க்-இன் தலைக்கு மேல் 2 சில்லு இடைவெளி, அதற்கு மேல் இரண்டுக்கு இரண்டாக 4 சில்லில் புள்ளி. ஆக 21 வரிசை 25 வரிசையாகிறது. ஒற்றைச் சில்லில் புள்ளி வைத்தால் தவறி விழுந்த சில்லு மாதிரி இருக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்களாம். வாசிக்கிறவர் தாமாகப் போட்டுக்கொள்வார். நானும் அப்படி விட்டிருந்தால் பின்னால் வந்த பாதி வினை வந்திருக்காது.

இதற்கு மேல் சில்லு வாங்கும் முன் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், முழு அளவில் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்தது. இரண்டு நாள் அப்படியே விட்டேன். வேலை செய்யும் இடத்தில் நின்று, வாசலில் நின்று, இரவில் விளக்குப் போட்டு என்று பார்த்ததில், சொல் 3 செ.மீ. மேலே ஏற வேண்டும் என்று தெரிந்தது. மேடையில் எப்போதும் நிற்கும் பாத்திரங்கள் க-வின் காலை மறைத்தன. தாளைக் கழற்றி ஒட்ட ஒரு நிமிடம். இதைச் சில்லு ஒட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்னொன்று, சில்லின் மாதிரித் துண்டுகளை அருகருகே வைத்துப் போனில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்தில் எழுத்து மறைந்துபோகும். என் தேன் நிறம் இந்தச் சோதனையில் தட்டுத் தடுமாறித்தான் தேறியது. அப்போதே அடர் நிறத்துக்கு மாறியிருக்க வேண்டும். பிடிவாதம்.

வெட்டும் வேலை மூன்று வாரம் இழுத்தது. வளைவில் சதுரச் சில்லை அப்படியே வைத்தால் வெளிப்பக்கம் ஆப்பு மாதிரி இடைவெளி விழும். ஒவ்வொரு சில்லையும் ஒரு பக்கம் ஒடுக்கிச் சரிவகமாக நறுக்க வேண்டும், கிணற்றுச் சுவருக்குச் செங்கல் வைக்கிற மாதிரி. கண்ணாடிச் சில்லுக்குச் சக்கரம் வைத்த நிப்பர், அதாவது வெட்டும் குறடுதான் சரி. நான் முதலில் கையில் இருந்த சாதாரண டைல்ஸ் நிப்பரை வைத்து நறுக்கி, நாலில் ஒன்றை நொறுக்கினேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒரு சில்லைக்கூட வெட்டாதீர்கள். நான் இரண்டாம் நாள் வரை போடவில்லை; ஒரு துணுக்கு இமையில் பட்டுப் போனதோடு தப்பித்தேன். ஒளி ஊடுருவும் நெகிழிப் பைக்குள் கையை விட்டு வெட்டினால் துணுக்குகள் தரையெல்லாம் தெறிக்காது. வெட்டிய விளிம்பு சவர பிளேடு மாதிரி இருக்கும். தண்ணீர் தொட்டு உரசுகல்லில் இரண்டு இழு இழுங்கள். இது தினம் துணியால் துடைக்கப் போகும் சுவர்.

பின்னணிக்கு முதலில் பீங்கான் சில்லு பார்த்து வைத்திருந்தேன், விலை பாதி. நல்லவேளையாக இரண்டையும் மேஜையில் வைத்து விரலை ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடி 4 மி.மீ. தடிமன், பீங்கான் 6. எழுத்து முழுவதும் 2 மி.மீ. பள்ளத்தில் போய் உட்கார்ந்து எண்ணெய்ப் பிசுக்கைச் சேர்த்து வைத்திருக்கும். பின்னணியையும் கண்ணாடியாகவே வாங்கினேன். பட்ஜெட் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்காமல் இருக்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

வெட்டிய சில்லுகளை ஒரு எழுத்துக்கு ஒரு துண்டாகக் கண்ணாடி இழை வலையின் மேல், முகம் மேலே பார்த்தபடி, வெள்ளைப் பசையால் ஒட்டினேன். மரவேலைக்குப் போடுகிற பிவிஏ பசை. வலை முறையில் எழுத்து நேராகவே தெரியும், தப்பு விட்டால் உடனே கண்ணில் படும் என்பதால் பிடித்திருந்தது. காய்ந்து கெட்டியான ஐந்து துண்டையும் தூக்கிப் பார்த்தபோது வந்த பெருமை இருக்கிறதே!

ஒட்டுவதற்கு ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அனுபவசாலி, கை சுத்தம். ஆனால் அவர் வழக்கமாக ஒட்டுவது இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். சாம்பல் நிறப் பசை மூட்டையைப் பிரித்தபோது எனக்கு என்னவோ உறுத்தியது. "அண்ணே, இதுல வெள்ளை கிடைக்குமா?" என்றேன். "பசை உள்ளதானேம்மா போகுது, யார் பார்க்கப் போறா? பிடிச்சா போதாதா?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. சரி என்றேன். அந்தச் 'சரி'க்குத்தான் நான் நாலு வாரம் விலை கொடுத்தேன்.

தேன் நிறக் கண்ணாடி என்பது அரைகுறையாக ஒளி ஊடுருவும் கண்ணாடி. வெள்ளைத் தாளில் வைத்தால் தேன். சாம்பல் சிமென்ட்டில் வைத்தால் சேற்றுத் தண்ணீர். ஒட்ட ஒட்ட, என் கண் முன்னால், அ-விலிருந்து வரிசையாக ஒவ்வொரு எழுத்தாக அணைந்துகொண்டே வந்தது. அது போதாதென்று பல் வைத்த கரணையால் பசையைக் கோடு கோடாக இழுத்திருந்ததால், கண்ணாடி வழியாக அந்த வரியும் தெரிந்தது. பெரிய டைல்ஸில் அந்த வரி உள்ளே மறைந்துவிடும். மேஸ்திரிக்கு அது பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி மொசைக் என்றால் பசை வெள்ளையாக இருக்க வேண்டும், பாலிமர் கலந்த சிமென்ட் பசையாக இருக்க வேண்டும், பல் பக்கத்தால் அளவாக இழுத்த பிறகு கரணையின் தட்டைப் பக்கத்தால் ஒரு தடவை தடவி வரிகளை மட்டமாக்கிவிட வேண்டும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி முதல் நாளே அவர் கையில் கொடுத்திருக்க வேண்டியது நான்தான்.

மறுநாள் காலை இன்னொன்று காத்திருந்தது. மரக்கட்டையை வைத்துத் தட்டி அமுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிவிஏ பசை தண்ணீர் பட்டால் இளகும். ஈரப் பசைக்குள் வலை ஊறி, இரவோடு இரவாகச் சில சில்லு கீழே சறுக்கியிருந்தது. மற்ற இடத்தில் ஒரு மில்லி, அரை மில்லி. க்-இன் புள்ளி மட்டும் முழுசாக இறங்கி, க-வின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. நடுவில் விட்டிருந்த வெள்ளைச் சில்லுகள் பக்கவாட்டில் விலகி வழிவிட்டிருந்தன. சொல் 'அடுககளை' ஆகிவிட்டது. முதல் க-வுக்குக் கொம்பு முளைத்த மாதிரி ஒரு புடைப்பு. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே 3 மி.மீ. ஜாயின்ட் விழுந்து, எழுத்தெல்லாம் தனித்தனி வில்லையாக வேறு தெரிந்தது. அழுதது அன்றைக்கு.

வலை முறையே தப்பு என்று சொல்லவில்லை. ஈரம் படும் சுவர் என்றால் தண்ணீருக்கு இளகாத பசையால் வலையில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும் ஓரத்தை நேர்கோடாக வெட்டாமல், சில்லுகளின் போக்கிலேயே பல் பல்லாக விட்டு, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கிற மாதிரி வைத்தால் சேர்த்த இடம் தெரியாது. பின்பக்கம் எண்ணும், மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். பின்னணித் துண்டு தலைகீழாகப் போனாலும் ஒட்டுகிறவருக்குத் தெரியாது.

பெயர்த்தெடுக்க இரண்டு நாள். பசை நன்றாகத்தான் பிடித்திருந்தது என்பதில் மேஸ்திரிக்கு உள்ளூரப் பெருமை. பூச்சும் சேர்ந்து வந்தது, சுவரைத் திரும்பப் பூச வேண்டியிருந்தது. 900 சொச்சம் எழுத்துச் சில்லில் உருப்படியாகத் தேறியது 200-க்குள்.

மூன்றாவது தடவைக்கு முகம் கீழே வைத்து ஒட்டும் முறைக்கு மாறினேன். கெட்டித் தாளில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி வரைந்து, சில்லின் முகத்தைத் தாளில் மாவுப் பசையால் ஒட்டுவது. சுவரில் பசை தடவி, தாள் வெளிப்பக்கம் வரும்படி அமுக்கிவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் தாளைத் தண்ணீர் நனைத்த ஸ்பாஞ்சால் ஊறவைத்து உரிக்க வேண்டும். உரித்த பின்னும் உள்ளே பசை இளக்கமாகத்தான் இருக்கும், நகர்ந்த சில்லை ஊசியால் தள்ளிச் சரி செய்யலாம். சில்லின் தடிமன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் முகம் ஒரே மட்டமாக வரும். சமையலறைச் சுவருக்கு இதுதான் தோதானது என்பது என் முடிவு. ஒரே தொல்லை, இடவலம். வரைந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்து, பின்னாலிருந்து தெரியும் கோட்டின் மேல் இழுக்கும் ட்ரேசிங் தாள்தான் பத்திரம். மனதில் திருப்பிப் போட முயலாதீர்கள். மூன்று நாள் திருப்பிய எழுத்திலேயே கிடந்ததில், வாங்க வேண்டிய சாமான் எழுதப் பேனா எடுத்தபோது க-வை எந்தப் பக்கம் தொடங்குவது என்று ஒரு நொடி கை நின்றுவிட்டது.

நிறத்தையும் மாற்றினேன். ஒளி ஊடுருவாத அடர் சிவப்பு. தேன் நிறத்துக்கு என் மனதில் இடம் இல்லாமல் போய்விட்டது. புள்ளியைச் சுற்றி இந்த முறை வெள்ளைச் சில்லு ஒரு வளையம். அதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டினேன்.

அதே மேஸ்திரிதான் வந்தார். வெள்ளைப் பசை மூட்டையை நானே வாங்கி வைத்திருந்தேன். தாளை உரிக்கும்போது அவர் சுவரோடு சுவராகக் கன்னத்தை வைத்துக்கொண்டு, எந்தச் சில்லு துருத்துகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நான் ரசமட்டத்தைப் பிடித்திருந்தேன். க்-இன் புள்ளி வந்ததும் இருவரும் பேசாமல் இருந்தோம். தாள் வந்தது, புள்ளி நின்றது. "இது நகராதும்மா, போய்த் தூங்குங்க" என்றார். போனேன், ஆனால் இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

கடைசிக் கண்டம் கிரவுட், அதாவது ஜாயின்ட்டுக்குள் நிரப்புகிற பூச்சு. இங்கே மட்டும் முன்கூட்டியே ஜாக்கிரதையாக இருந்துவிட்டேன். ஒரு பலகைத் துண்டில் க எழுத்தை மூன்று முறை ஒட்டி, வெள்ளை, வெளிர் சாம்பல், அடர் சாம்பல் என்று மூன்று கிரவுட் போட்டுக் காயவிட்டேன். அடர் சாம்பல்தான் அழுக்குத் தாங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதைத்தான் போடுவதாக இருந்தேன். பலகையைத் தூர வைத்துப் பார்த்தால், வெள்ளைப் பின்னணி முழுவதும் கருப்பு வலை விரித்த மாதிரி ஆகி, அதற்குள் க எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வெள்ளை கிரவுட்டில் பின்னணி ஒரே தாளாக விரிந்தது, ஆனால் சிவப்புக்குள் ஓடும் வெள்ளைக் கோடு எழுத்தைத் துண்டு துண்டாக்கியது. வெளிர் சாம்பல் இரண்டுக்கும் நடுவே சமாதானம் பேசியது. பின்னணி நிறத்தை ஒட்டிய கிரவுட், அதிலிருந்து ஒரு படி மங்கல். எழுத்துக்கு இதுதான் ஒத்துப்போகிறது. எழுத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என்று இரண்டு நிறம் போடுவாரும் உண்டாம். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

ஜாயின்ட் 3 மி.மீ.-க்குக் குறைவு என்றால் மணல் கலக்காத கிரவுட் வாங்குங்கள். மணல் உள்ளது சின்ன ஜாயின்ட்டில் இறங்காது, கண்ணாடியையும் கீறிவிடும். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்கும் இடத்துக்கு எபாக்ஸி (ஒரு வகைப் பிசின்) கிரவுட் நல்லது, கறை பிடிக்காது. ஆனால் கலக்கிய பின் அது காத்திருக்காது, சில்லின் மேல் காய்ந்த படலத்தைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. எழுத்து அடுப்பிலிருந்து தள்ளி இருந்ததால் நான் சிமென்ட் கிரவுட்டே போட்டு, காய்ந்ததும் மேலே கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூசினேன். மேடையும் சுவரும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், ரப்பர் மாதிரி வளையும் சிலிக்கோன் பசை போடுங்கள். அங்கே அசைவு இருக்கும், கிரவுட் விரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை, விளக்கு. மேல் அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டையைச் சுவரை ஒட்டினாற்போல் பதித்திருந்தோம். இரவில் அதைப் போட்டால் வழவழப்பான கண்ணாடியில் பளீரென்று அடித்து, மேல் இரண்டு வரிசை தெரிவதில்லை. அரை மில்லி துருத்திய சில்லுக்குக்கூட நீளமாக நிழல் விழுகிறது. பட்டையை அலமாரியின் முன் விளிம்புக்கு மாற்றியதும் பாதி சரியாயிற்று. முழுதும் சரியாக வேண்டுமென்றால் மங்கல் முகம் கொண்ட சில்லு வாங்கியிருக்க வேண்டும். இனி அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மிஞ்சிய சிவப்புச் சில்லில் நாற்பதை டப்பாவில் போட்டு, பெட்டியில் இருந்த தயாரிப்பு எண்ணையும் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதே நிறம் என்று பின்னால் வாங்கினாலும் வேறு தடவை தயாரித்ததில் சாயல் மாறும். பரணில் இருக்கும் அந்த 20 மி.மீ. வெள்ளையும் தேன் நிறமும் யாருக்காவது வேண்டுமென்றால் தரத் தயார். மூன்றெழுத்துச் சொல்லாக, சுழி குறைவாக, முடிந்தால் புள்ளி இல்லாததாக இருந்தால் நல்லது.